ஸ்பெக்ட்ரம் கணினியில் 32கே மெமரி விரிவாக்கம்: பழுதைக் கண்டறிந்து சரிசெய்யும் முழுமையான வழிகாட்டி

பிரிட்டனின் சிங்க்ளேர் நிறுவனம் 1982 ஏப்ரலில் வெளியிட்ட இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், 16கே (16 கிலோபைட்) நினைவகத்துடன் ஒன்றும் 48கே நினைவகத்துடன் ஒன்றுமாக இரு வகைகளில் விற்கப்பட்டது. விலை குறைவு என்று 16கே வகையை வாங்கியவர்கள் பிறகு 32கே சேர்த்துக்கொள்ள இரண்டு வழிகள் இருந்தன. போர்டில் காலியாக விடப்பட்டிருந்த ஐசி பேஸ்களில், அதாவது சிப் செருகும் சாக்கெட்டுகளில், பன்னிரண்டு சிப்களைச் செருகுவது ஒரு வழி. பின்புறத்தில் போர்டின் ஓரத்துத் தகடுகளான எட்ஜ் கனெக்டரில் ஒரு மெமரி பெட்டியை மாட்டுவது இன்னொரு வழி. இந்தியாவில் டெசிபெல்ஸ் நிறுவனம் 1986இல் உரிமம் பெற்று டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ் என்ற பெயரில் இந்தக் கணினியின் பிளஸ் வகையை விற்றது. ஆனால் பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ் வீடுகளிலிருந்து என்னிடம் வருபவை பெரும்பாலும் வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் அந்தக் காலத்தில் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த 16கே இயந்திரங்களே. அவற்றில் பாதிக்கு மேல் யாரோ ஒருவர் எப்போதோ 32கே சேர்த்திருப்பார். பழுதும் பெரும்பாலும் அந்தச் சேர்க்கையில்தான் இருக்கும்.

இந்த வழிகாட்டி, சேர்க்கப்பட்ட அந்த 32கேயை, அதாவது மேல் நினைவகத்தைப் பற்றியது; முதலிலிருந்தே உள்ள 16கேயைக் கீழ் நினைவகம் என்கிறேன். சால்டரிங் அயர்னைச் சூடாக்குவதற்கு முன்பே, எந்தச் சிப் பழுது என்பதைக் கணினியைக்கொண்டே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம் என்பதே இதன் அடிப்படை. இயந்திரம் தானே செய்துகொள்ளும் சோதனை எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காமல் விடுகிறது என்று தெரிந்துகொண்டால் மீதி வேலை எளிது.

தேவையானவை

மல்டிமீட்டர் ஒன்று, நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவர், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மெல்லிய பிரஷ், மேல் நினைவகத்துக்கான, சந்தேகமில்லாத 4164 மெமரி சிப் ஒன்றிரண்டு. மூடியைத் திறக்கும்போது விசைப்பலகையிலிருந்து போர்டுக்குச் செல்லும் இரண்டு ரிப்பன்களை முதலில் கவனிக்க வேண்டும். நாற்பது ஆண்டு வெப்பத்தில் அவை அப்பளம்போல் நொறுங்கும் நிலையில் இருக்கும்; மூடியைச் சட்டென்று தூக்கினால் மெமரி பழுதோடு விசைப்பலகைப் பழுதும் சேர்ந்துகொள்ளும்.

முதல் படி: மின்சாரம்

ஸ்பெக்ட்ரத்தின் அடாப்டர் 9 வோல்ட் டிசி, 1.4 ஆம்பியர், அதன் பிளக்கின் நடுமுனை எதிர்மின்முனை. நம் கடைகளில் கிடைக்கும் அடாப்டர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறானவை என்பதால், வேறு அடாப்டரைச் செருகுமுன் மீட்டரால் முனையைச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

பழைய அடாப்டர் ஒரு சாதாரண டிரான்ஸ்ஃபார்மர்தான். உள்ளே ரெகுலேட்டர் கிடையாது. சுமையில்லாமல் அளந்தால் 12 வோல்ட்டுக்கு மேல்கூடக் காட்டும். அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது, போர்டில் உள்ள 7805 ரெகுலேட்டரின் உள்ளீட்டுக் காலில் அளக்க வேண்டும். 7805 நிலையாக 5 வோல்ட் தர வேண்டுமானால் உள்ளீட்டில் ஏறத்தாழ 7 வோல்ட்டுக்குக் குறையாமல் இருந்தாக வேண்டும். கிராமப்புறத்தில் இது ஒரு தனிக் கதை. பிரிட்டனின் 240 வோல்ட்டுக்கென்று சுற்றப்பட்ட டிரான்ஸ்ஃபார்மர், இங்கே சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்கும் மோட்டாரும் ஓடும் நேரத்தில் லைன் 190 வோல்ட்டுக்கு இறங்கினால், 9 வோல்ட்டுக்குப் பதில் 7 வோல்ட் சொச்சம்தான் தரும். 16கே மட்டும் இருந்தபோது சமாளித்த ரெகுலேட்டர், 32கே சேர்த்ததால் கூடிய மின்னோட்டத்தில் அந்த நேரத்தில் தடுமாறும். பகலில் ஒழுங்காக ஓடி, இருட்டியதும் திரை உறையும் இயந்திரத்தில் மெமரி சிப்களை மாற்றிப் பயனில்லை. ஸ்டெபிலைசர் வழியாகக் கொடுத்துப் பாருங்கள், அல்லது சரியான முனையுள்ள, ரெகுலேட்டருடன் கூடிய 9 வோல்ட் அடாப்டரைப் பயன்படுத்துங்கள்.

7805இன் வெளியீடு 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மீட்டரை ஏசி அளவுக்கு மாற்றி அதே இடத்தில் வைத்தால் சில மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் காய்ந்துவிட்டன என்று பொருள்.

அடுத்து கீழ் நினைவகம். ஐசி6 முதல் ஐசி13 வரையுள்ள 4116 சிப்களுக்கு மூன்று மின்னழுத்தங்கள் தேவை: கால் 1இல் மைனஸ் 5, கால் 8இல் பிளஸ் 12, கால் 9இல் பிளஸ் 5, கால் 16 கிரவுண்ட். மைனஸ் 5 இல்லாமல் 12 மட்டும் வந்தால் 4116 சிப்கள் அழியும். 12 வோல்ட் இல்லையென்றால், அதை உண்டாக்கும் சுற்றில் உள்ள டிஆர்4 டிரான்சிஸ்டரை முதலில் சந்தேகிக்க வேண்டும். அது வகை இசட்டிஎக்ஸ்650. திரை நினைவகமும் சிஸ்டம் மாறிகளும் இந்தக் கீழ் 16கேயில்தான் இருக்கின்றன. இது நலமாக இல்லாமல் மேல் நினைவகத்தைச் சோதிக்க வழியே இல்லை.

மேல் நினைவகத்துக்கு 5 வோல்ட் மட்டும் போதும். அது வருவது கால் 8இல். 4116இல் அதே கால் 12 வோல்ட்டுக்கானது. இரண்டு வகைகளுக்கும் பதினாறு கால்கள், ஒரே அளவு. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மேலே இருக்க வேண்டிய 4164ஐக் கீழே செருகினால் அந்தச் சிப்பின் கதை அங்கேயே முடிந்தது.

இரண்டாம் படி: தொடர்புகள்

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் ஈரக்காற்று வீசும் ஊரில், ஐசி பேஸ்தான் பழுதுகளின் தாய்வீடு. சிப்பின் கால், பேஸுக்குள் நுழையும் இடத்தில் கறுத்தோ, பச்சை பூத்தோ இருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஒவ்வொரு சிப்பையும் இரு முனைகளிலும் மாறிமாறி நெம்பி எடுத்து, கால்களை ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்த பிறகு திரும்பச் செருக வேண்டும். முந்தைய ஆள் செருகும்போது ஒரு கால் உள்பக்கம் மடங்கிச் சிப்பின் வயிற்றுக்குக் கீழே போயிருக்கிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பார்க்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் அது சரியாகச் செருகியதுபோலவே தோன்றும். எந்தச் சிப் எந்தப் பேஸிலிருந்து வந்தது என்பதைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் சொல்லும் சோதனைக்கு அது வேண்டும்.

வெளிப்பெட்டி வகையாக இருந்தால் பழுதுக்கு முதல் காரணம் எட்ஜ் கனெக்டர்தான். போர்டின் ஓரத்துத் தகடுகளை ஆல்கஹாலால் சுத்தம் செய்யுங்கள். பெட்டி ஆடாதபடி அடியில் ஏதாவது முட்டுக்கொடுங்கள். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது அதை மாட்டவோ கழற்றவோ கூடாது. 9 வோல்ட் தகடும் பக்கத்துத் தகடும் கணநேரம் தொட்டுக்கொண்டாலே பிராசசரோ, திரையையும் விசைப்பலகையையும் கவனிக்கும் யூஎல்ஏ சிப்போ போய்விடும்; யூஎல்ஏ இப்போது கிடைப்பது அரிது. ஏற்கெனவே உள்ளே 48கே இருக்கும் கணினியில் 32கே பெட்டியை மாட்டக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரே முகவரிக்கு இரண்டு நினைவகங்கள் பதில் சொல்லும். அந்தச் சண்டையில் யார் பிழைப்பார்கள் என்று சொல்ல முடியாது.

மூன்றாம் படி: இயந்திரம் சொல்வதைப் படிப்பது

கணினியை இயக்கியதும் ரோம், அதாவது நிரந்தர நினைவகத்தில் உள்ள நிரல், தானாக ஒரு மெமரி சோதனை செய்கிறது. அதன் முடிவை அறிய, பிரிண்ட் பீக் 23732 + 256 * பீக் 23733 என்று கொடுக்க வேண்டும். கட்டளைகளை இங்கே ஒலி வடிவில் எழுதியிருக்கிறேன்; பீக் ஒரு முகவரியில் உள்ள எண்ணைப் படிக்கும், பின்னால் வரும் போக் அங்கே எழுதும். விசைப்பலகையில் உள்ள விசைகளைக்கொண்டு அடிக்கவும். 32767 வந்தால் கணினி தன்னை 16கே என்று நம்புகிறது. 65535 வந்தால் 48கே என்று நம்புகிறது. இடையில் ஏதாவது எண், எடுத்துக்காட்டாக 39999 வந்தால், 40000ஆம் முகவரியில் முதல் பழுது இருக்கிறது.

65535ஐப் பார்த்ததும் பலர் மெமரி நலம் என்று மூடியைப் பூட்டிவிடுகிறார்கள். அது தவறு. ரோம் செய்வது இவ்வளவுதான்: நினைவகத்தின் உச்சியிலிருந்து கீழ்வரை எல்லா பைட்டிலும் 2 என்ற எண்ணை எழுதுகிறது, இயக்கியவுடன் கறுப்புத் திரையில் சிவப்புச் செங்குத்துக் கோடுகள் ஒரு கணம் தோன்றுவது இதனால்தான். பிறகு 16384இலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு பைட்டையும் இருமுறை ஒன்றொன்றாகக் குறைத்து, சுழியம் வருகிறதா என்று பார்க்கிறது. வராத இடத்தில் நின்றுவிடுகிறது. ஒரு பைட்டில் பிட் 0 முதல் பிட் 7 வரை எட்டு பிட்கள்; 2, 1, 0 ஆகிய எண்களில் மேலே உள்ள ஆறு பிட்களும் எப்போதும் சுழியமே. ஆகவே ஒரு பிட் 1 என்ற நிலையில் ஒட்டிக்கொண்டால் ரோம் கண்டுபிடிக்கும். ஆனால் பிட் 2 முதல் பிட் 7 வரை ஏதாவது ஒன்று சுழியத்தில் ஒட்டிக்கொண்டால் ரோமுக்கு அது தெரியவே தெரியாது.

இதிலிருந்து மூன்று நோய்க்குறிகளைப் பிரித்தறியலாம். 48கே இருந்தும் 32767 காட்டினால், ஏதோ ஒரு பிட் 1இல் ஒட்டியிருக்கிறது, அல்லது பிட் 0, பிட் 1 இவற்றில் ஒன்று சுழியத்தில் ஒட்டியிருக்கிறது, அல்லது மேல் நினைவகம் மொத்தமும் பேசவில்லை. கீழ் நினைவகமும் மின்னழுத்தங்களும் சரியாக இருந்தும் கணினி தொடக்கச் செய்திக்கே வராமல் உறைந்தால், மேல் நினைவகத்தில் பிட் 2 முதல் பிட் 7 வரை ஏதாவது ஒன்று முழுவதும் சுழியத்தில் ஒட்டியிருக்கலாம். ரோம் 48கே இருப்பதாக நம்பி, திரும்பிச் செல்ல வேண்டிய முகவரிகளைக் குறித்துவைக்கும் தன் ஸ்டாக்கை உச்சியில் வைக்கிறது. அங்கிருந்து திரும்பும் முகவரி சிதைந்து வருவதால் வழி தவறுகிறது. 65535 காட்டி, தொடக்கச் செய்தியும் வந்து, கேசட்டிலிருந்து பெரிய விளையாட்டை ஏற்றியதும் மட்டும் விழுந்தால், சிப்பின் ஒரு பகுதி மட்டும் பழுது.

இரண்டாவது நிலையில் ஒரு சுருக்குவழி உண்டு. ஐசி பேஸ்களில் உள்ள, ஒவ்வொன்றும் ஒரு பிட்டை வைத்திருக்கும் எட்டு மெமரி சிப்களில் ஏதாவது ஒன்றை, ஐசி15 என்று வைத்துக்கொள்வோம், மின்சாரத்தைத் துண்டித்துக் கழற்றிவிடுங்கள். ஆள் இல்லாத அந்தப் பிட் 1 என்று படிக்கப்படும்; ரோம் உடனே பழுது என்று உணர்ந்து 16கே கணினியாக நலமாக எழுந்துவிடும். இப்போது பேசிக்கில் மேல் நினைவகத்தைச் சோதிக்கலாம். கழற்றிய பிட் 0 பற்றிய புகாரை மட்டும் கணக்கில் எடுக்காமல் விட வேண்டும். சிப்கள் நேரடியாகச் சால்டர் செய்யப்பட்டிருந்தால் இந்த வழி இல்லை. ரேமைத் தொடாமல் ஓடும் டயக்னாஸ்டிக் ரோம் ஒன்றை எட்ஜ் கனெக்டர் வழியாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

நான்காம் படி: பிட் சோதனை

கீழ்க்கண்ட நிரலை அடியுங்கள்.

10 கிளியர் 32767
20 ஃபார் என் = 32768 டு 65535: போக் என், 255: நெக்ஸ்ட் என்
30 ஃபார் என் = 32768 டு 65535
40 இஃப் பீக் என் <> 255 தென் பிரிண்ட் என், பீக் என்
50 நெக்ஸ்ட் என்

முதல் வரி ஸ்டாக்கைக் கீழ் நினைவகத்துக்குக் கொண்டுவருகிறது. அதை விட்டுவிட்டால் நிரல் தன் காலடியையே தோண்டும். நெக்ஸ்ட் தனி வரியில் இருப்பதும் அவசியம், ஏனென்றால் இந்தப் பேசிக்கில் இஃப் பொய்யானால் அதே வரியின் மீதி முழுவதும் தாண்டப்படும். எழுதிய உடனேயே படிக்காமல் முழுவதும் எழுதி முடித்த பிறகு படிப்பதற்கும் காரணம் இருக்கிறது. டைனமிக் ரேம் தன் தகவலைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். புதுப்பித்தலில் குறை உள்ள சிப், எழுதிய மறுகணம் சரியாகப் படித்து, சில நிமிடம் கழித்து மறந்துபோகும். நிரல் முடியப் பல நிமிடம் ஆகும். திரை நிறைந்ததும் ஸ்க்ரோல் கேட்கும். முடிந்ததும் 255க்குப் பதில் 0 என்று இரு இடங்களிலும் மாற்றி மறுபடி ஓட்டுங்கள்.

எழுதிய எண்ணுக்கும் படித்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசமே விடை. 1, 2, 4, 8, 16, 32, 64, 128 ஆகிய வித்தியாசங்கள் முறையே ஐசி15, 16, 17, 18, 19, 20, 21, 22 ஆகிய சிப்களைக் குறிக்கும். அண்மையில் வந்த ஓர் இயந்திரம் 65535 காட்டியது, தட்டச்சு செய்ததையெல்லாம் ஒழுங்காக ஏற்றது, விளையாட்டு ஏறியதும் மட்டும் விழுந்தது. 255 சோதனையில் 32805, 32933, 33061 என்று வரிசையாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே 223. வித்தியாசம் 32, ஆகவே ஐசி20. முகவரிகள் சரியாக 128 இடைவெளியில் வந்தது, சிப்புக்குள் ஒரே ஒரு வரிசை செத்துவிட்டதைக் காட்டியது. ரோம் எழுதும் 2இல் அந்தப் பிட் எப்போதும் சுழியம் என்பதால், ஒவ்வொரு முறையும் இது சோதனையில் தேறிக்கொண்டே இருந்திருக்கிறது. சந்தேகம் தீர, ஐசி20ஐயும் ஐசி21ஐயும் இடம் மாற்றிச் செருகினால் படிக்கும் எண் 191 ஆக வேண்டும். பழுது சிப்போடு நகர்ந்தால் சிப் குற்றவாளி. அதே பேஸில் நின்றுவிட்டால் பேஸோ போர்டுத் தடமோ குற்றவாளி.

வித்தியாசத்தில் நான்கு, ஐந்து பிட்கள் ஒன்றாக வந்தால் மெமரி சிப்களை விட்டுவிடுங்கள். இத்தனை சிப்கள் ஒரே நேரத்தில் சாவது அபூர்வம். அப்போது பார்க்க வேண்டியவை அவற்றுக்குப் பொதுவான நான்கு லாஜிக் சிப்கள்: ஐசி23 ஆகிய 74எல்எஸ்32, ஐசி24 ஆகிய 74எல்எஸ்00, ஐசி25, ஐசி26 ஆகிய இரண்டு 74எல்எஸ்157.

ஐந்தாம் படி: முகவரிச் சோதனை

பிட்கள் எல்லாம் சரியாக இருந்தும் நிரல்கள் விழுந்தால், எழுதியது வேறு இடத்துக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே எண்ணை எழுதும் மேற்கண்ட சோதனை இதைக் காட்டாது. முதலில் கிளியர் 32767 கொடுத்துவிட்டு, 32768இல் 200ஐ எழுதுங்கள். பிறகு 32769இல் 1, 32770இல் 2, 32772இல் 3, 32776இல் 4 என்று, கூட்டும் எண்ணை இரட்டித்துக்கொண்டே போய், 49152இல் 15ஐ எழுதுங்கள். எல்லாவற்றையும் திரும்பப் படியுங்கள். 32768இல் 200க்குப் பதில் 4 இருந்தால், 32776க்கு அனுப்பியது அங்கே வந்து விழுந்திருக்கிறது; அதாவது ஏ3 முகவரிக் கம்பி மெமரியை எட்டவில்லை.

74எல்எஸ்157 சிப்கள் முகவரியை இரண்டு தவணையாக, ஒரே கம்பிகள் வழியே மெமரிக்கு அனுப்புகின்றன. எனவே ஒரே ஒரு முகவரிக் கம்பி தவறினால் 157இன் உள்ளீட்டுக் காலையும், இரண்டு கம்பிகள் சேர்ந்து தவறினால் அதன் வெளியீட்டுக் காலையும் மீட்டரின் தொடர்ச்சி ஒலியால் சோதிக்க வேண்டும். மாற்றும்போது எல்எஸ் வகையையே போடுங்கள். 74எச்.சி. வகை மலிவாகக் கிடைத்தாலும், இந்தச் சுற்று நேரத் தாமதங்களைக் கேட்களின் வேகத்தை நம்பியே உருவாக்குவதால், ஓடுவதுபோல் ஓடி எப்போதாவது தவறும்.

ஆறாம் படி: சிப் தேர்வும் இணைப்புக் கம்பியும்

இந்த விரிவாக்கத்தில் சிங்க்ளேர் போட்டவை முழுமையான 64கே சிப்கள் அல்ல. ஒரு பாதி பழுதான 64கே சிப்களை 32கே என்று மலிவாக விற்றதை வாங்கிப் போட்டார்கள்: டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎம்எஸ்4532, ஓகி நிறுவனத்தின் எம்எஸ்எம்3732. எந்தப் பாதி நல்லது என்பது சிப்பின் எண்ணுக்குப் பின்னால் உள்ள குறியில் இருக்கும். டெக்சாஸில் 3 அல்லது 4, ஓகியில் எல் அல்லது எச். போர்டில் உள்ள இணைப்புக் கம்பிகள் அதற்கேற்ப இருக்க வேண்டும், எட்டுச் சிப்களும் ஒரே குறி உடையவையாகவும் இருக்க வேண்டும். ஒரு சிப்பை மட்டும் வேறு குறியில் மாற்றியிருந்தால், அந்தச் சிப்பின் பழுதுப் பாதியைத்தான் கணினி வாசித்துக்கொண்டிருக்கும்.

மாற்றுக்கு முழு 4164 போட்டால் பாதி பற்றிய கவலை இல்லை. 150 அல்லது 200 நானோசெகண்ட் வேகம் போதும். இசட்80 பிராசசர் 128 வரிசைகளை மட்டுமே புதுப்பிக்கும் என்பதால், 128 சுழற்சி வகையைத் தேர்ந்தெடுங்கள். 256 சுழற்சி கேட்கும் டெக்சாஸ் 4164 போடுவதானால் கம்பி டெக்சாஸ் நிலையில் இருக்க வேண்டும். 41256ஐத் தவிருங்கள், அதன் கால் 1 கூடுதல் முகவரிக் கால், காற்றில் தொங்கினால் தாறுமாறாக வேலை செய்யும், போதாக்குறைக்கு அதுவும் 256 சுழற்சி வகை. பழைய ஐபிஎம் எக்ஸ்டி வகைக் கணினிகளின் மதர்போர்டுகள் ஆக்ரிக் கடையில், அதாவது பழைய சாமான் கடையில், எடைக்குக் கிடந்தால் விடாதீர்கள்: அவற்றில் 4164 சிப்கள் பிழையைக் கண்டறியும் பேரிட்டி பிட்டுக்கு ஒன்று சேர்த்து ஒன்பது ஒன்பதாக இருக்கும். இணையத்தில் புதிதுபோல் மினுமினுக்கும் சிப்களைவிட, தூசு படிந்த இவற்றை நான் அதிகம் நம்புகிறேன்.

சால்டர் செய்த சிப்பை எடுக்க நேர்ந்தால், சிப்பைக் காப்பாற்ற முயலாதீர்கள். கால்களைச் சிப்பின் உடலோடு ஒட்டி வெட்டி, உடலை எடுத்துவிட்டு, ஒவ்வொரு காலாகச் சூடுகாட்டி உருவுங்கள். பழைய போர்டின் தடங்கள் வெப்பத்தில் எளிதில் உரிந்துவிடும். பிறகு அந்த இடத்தில் ஐசி பேஸ் வைத்து, சிப்பின் வெட்டு அடையாளம் பக்கத்துச் சிப்களின் திசையிலேயே இருக்கிறதா என்று பார்த்துச் செருகுங்கள்.

ஏழாம் படி: சூட்டில் மறுசோதனை

மாற்றிய பிறகு ரோம் காட்டும் எண்ணைப் பாருங்கள். பிறகு 255, 0, அவற்றோடு 85, 170 ஆகிய எண்களாலும் பிட் சோதனையை ஓட்டுங்கள். மூடியைப் பூட்டி, ஒரு மணி நேரம் இயங்கவிட்டு, உள்ளே வெப்பம் ஏறிய நிலையில் எல்லாவற்றையும் மறுபடி ஓட்ட வேண்டும். ஏப்ரல் மாதத்து மதியமாக இருந்தால் இன்னும் நல்லது. சூட்டில் மட்டும் பழுது திரும்பினால், முதலில் 7805இன் வெளியீட்டை அந்தச் சூட்டிலேயே அளந்துவிட்டு, அது சரியாக இருந்தால் மட்டும் பிட் எண் காட்டும் சிப்பை மாற்றுங்கள்.